மோதலுக்கு முந்தைய சுற்றுகள்: ஒரு பந்தயக் காப்பகச் சந்தா பற்றி

ஃபார்முலா 1 கார் பந்தயச் சாம்பியன்கள் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நின்ற கதைகளைப் பார்ப்பதற்காக, பழைய பந்தயங்களின் ஒளிப்பதிவுகளைக் காட்டும் இந்தக் காப்பகச் சந்தாவில் சேர நினைப்பவர்களுக்கு முதல் வேண்டுகோள்: முகப்பில் அடுக்கி வைத்திருக்கும் மூன்று நிமிடத் துண்டுகளைத் தொடாதீர்கள். பெரும் மோதல்கள், பரம எதிரிகள் என்றெல்லாம் தலைப்பிட்டு ஒரு வரிசையே அங்கே இருக்கிறது. அதைக் கடந்து ஆண்டுப் பட்டியலுக்குப் போங்கள். ஆண்டைத் தேர்ந்தெடுத்து, பந்தயத்தைத் தேர்ந்தெடுத்து, ‘முழுப் பதிவு’ என்பதை அழுத்துங்கள். கொடுக்கும் பணத்துக்கு மதிப்பு அந்த ஒரு பொத்தானில்தான் இருக்கிறது.

இரண்டு கார்கள் இடித்துக்கொள்ளும் நொடி எங்கு வேண்டுமானாலும் இலவசமாகக் கிடைக்கும். அந்த நொடி எப்படி விளைந்தது என்பது முழுப் பதிவில்தான் கிடைக்கிறது. எந்தச் சுற்றில் ஒருவர் நெருங்க ஆரம்பித்தார், எந்த வளைவில் மற்றவர் தப்பித்துக்கொண்டே இருந்தார், யார் யாரை எத்தனை நேரம் முறைத்துக்கொண்டு பின்னால் வந்தார் என்பதெல்லாம் துண்டுப் படங்களில் அடிபட்டுப் போகின்றன. பகை வளர்வது அந்த இடங்களில்தான். என் மதிப்பீடு முழுவதும் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான்: மோதலுக்கு முந்தைய சுற்றுகளை இந்தச் சேவை எனக்கு எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது?

1989இல் ஜப்பானின் சுசூகாவில் நடந்த பந்தயம். இதிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். அதற்கு முந்தைய ஆண்டின் கணக்கு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1988இல் மெக்லாரன் அணி 16 பந்தயங்களில் 15ஐ வென்றது. அந்த அணியின் இரு ஓட்டுநர்களில் அயர்டன் சென்னா 8, அலைன் ப்ரோஸ்ட் 7. ஆண்டு முழுவதும் எடுத்த புள்ளிகளைக் கூட்டினால் ப்ரோஸ்டுக்கு 105, சென்னாவுக்கு 94. ஆனால் அன்றைய விதிப்படி சிறந்த 11 முடிவுகள் மட்டுமே கணக்கில் சேரும். அப்படிக் கூட்டியபோது சென்னாவுக்கு 90, ப்ரோஸ்டுக்கு 87. பட்டம் சென்னாவுக்குப் போனது. ஒரே அணி, ஒரே கார், மொத்தத்தில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் தோற்றார். அடுத்த ஆண்டு இமோலாவில், தொடக்கத்தில் முன்னால் போகிறவரை முதல் வளைவில் மற்றவர் முந்தக் கூடாது என்று இருவருக்கும் ஓர் உடன்பாடு இருந்தது. ஃபெராரி ஓட்டுநர் பெர்கரின் கார் தீப்பிடித்துப் பந்தயம் நிறுத்தப்பட்டு மறுபடி தொடங்கியபோது சென்னா முந்திவிட்டார். அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

இவ்வளவும் மனதில் இருக்கும்போது சுசூகாவின் முழுப் பதிவைத் திறக்க வேண்டும். சென்னா போல் பொசிஷனில், அதாவது தொடக்க வரிசையின் முதல் இடத்தில், நிற்கிறார்; பட்டத்தைத் தக்கவைக்க மீதமுள்ள இரண்டு பந்தயங்களையும் அவர் வென்றே ஆக வேண்டும். விளக்கு மாறியதும் ப்ரோஸ்ட் பாய்ந்து முன்னே போய்விடுகிறார். அதன் பிறகு நாற்பதுக்கும் மேற்பட்ட சுற்றுகளுக்கு நடப்பது ஒரு முற்றுகை. நேர்பாதையில் ப்ரோஸ்டின் கார் விலகிப் போகிறது. அவர் அன்று பின் இறக்கையின் காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். வளைவுகளில் சென்னா நெருங்குகிறார். மறுபடி நேர்பாதை, மறுபடி இடைவெளி. முந்துவதற்கு என்று பார்த்தால் ஒரே ஓர் இடம்தான் எஞ்சுகிறது: சுற்றின் கடைசியில், கார்களை வேகம் குறைக்க வைக்கும் குறுகிய அடுத்தடுத்த வளைவுகளான அந்தச் சிக்கேன். யாரும் விளக்காமலே இதைப் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். 53 சுற்றுப் பந்தயத்தின் 47ஆவது சுற்றில் சென்னா வெகு பின்னாலிருந்து உட்பக்கமாகப் பாயும்போது, வேறு எங்கே பாய்ந்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது. ப்ரோஸ்ட் கதவைச் சாத்தும்போதும், அத்தனை சுற்று அடக்கிவைத்த மனிதர் வேறு என்ன செய்வார் என்றுதான் தோன்றுகிறது. துண்டுப் படத்தில் யார் குற்றவாளி என்று விரலை நீட்டத் தோன்றும். முழுப் பதிவில் அது அவ்வளவு எளிதில்லை.

அதற்குப் பிறகும் பதிவை நிறுத்தாதீர்கள். சக்கரங்கள் பின்னிக்கொண்டு இரண்டு சிவப்பு-வெள்ளை கார்களும் நிற்கின்றன. ப்ரோஸ்ட் இறங்கிவிடுகிறார். சென்னா களப் பணியாளர்களைக் கையசைத்துத் தள்ளச் சொல்கிறார். வண்டி உயிர் பெறுகிறது. நிலைதவறும் கார்கள் ஒதுங்குவதற்கான பக்கப் பாதை வழியாக வெளியேறி, காரின் உடைந்த மூக்கை மாற்றிக்கொண்டு, முன்னால் போய்விட்ட பெனட்டன் ஓட்டுநர் நன்னினியைத் துரத்திப் பிடித்து, அதே சிக்கேனில் முந்தி, கொடியை முதலில் கடக்கிறார். பிறகு தகுதி நீக்கம். சிக்கேனைத் தவிர்த்து அந்தப் பக்கப் பாதையில் போனதுதான் சொல்லப்பட்ட காரணம். பட்டம் ப்ரோஸ்டுக்கு. நன்னினிக்கு வாழ்நாளின் ஒரே வெற்றி. மேடையில் அவர் நிற்கும் காட்சி வரை இந்தப் பதிவில் வெட்டாமல் இருப்பதற்காகவே இந்தச் சேவைக்கு ஒரு கும்பிடு.

படத்தின் தரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலப் பதிவுகள் பழைய தொலைக்காட்சிச் சட்டத்திலேயே, பக்கவாட்டில் கறுப்புப் பட்டையோடு வருகின்றன. அகலத் திரைக்காக இழுத்து நீட்டவில்லை; நல்ல முடிவு. ஒலியிலும் கைவைக்கவில்லை. கார்கள் சிக்கேனுக்காகக் கியரைக் குறைக்கும்போது எழும் ஓசை அப்படியே இருக்கிறது. நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. மெக்லாரனின் சிவப்பு சில இடங்களில் ஆரஞ்சாகத் தெரிகிறது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. சென்னாவின் மஞ்சள் தலைக்கவசத்தையும் ப்ரோஸ்டின் நீல-வெள்ளைத் தலைக்கவசத்தையும் குழப்பிக்கொள்ள முடியாது. ஒரே நிறக் கார்களில் யார் எவர் என்று அறிய அன்று அதுதான் வழி.

ஆனால் இந்தச் சேவை என்னைக் கோபப்படுத்தும் இடமும் அடுத்த ஆண்டிலேயே வருகிறது. 1990 சுசூகா, மோதலுக்கு முந்தைய சுற்று என்று ஒன்றுகூட இல்லாத பந்தயம். ப்ரோஸ்ட் இப்போது ஃபெராரியில். விளக்கு மாறிய சில விநாடிகளில், முதல் வளைவில், சென்னா வழி விடாமல் நேராகப் போகிறார். இரண்டு காரும் மணலில். புள்ளிகளில் முன்னால் இருந்த சென்னாவுக்கே பட்டம். அங்கே முந்தைய சுற்றுகளின் இடத்தில் இருப்பது அதற்கு முன்னான நாட்கள். போல் பொசிஷன் அழுக்குப் படிந்த பக்கத்தில் இருக்கிறது, அதைச் சுத்தமான பக்கத்துக்கு மாற்றுங்கள் என்று சென்னா கேட்டதும், அது மறுக்கப்பட்டதும், அந்த மறுப்பை அவர் முந்தைய ஆண்டின் தகுதி நீக்கத்தோடு சேர்த்துப் பார்த்ததும்தான் கதை. 1991இல் அடுத்த பட்டத்தை வென்ற பிறகு, முதல் வளைவில் விட்டுக்கொடுப்பதில்லை என்று முன்பே முடிவெடுத்திருந்ததை அவரே வெளிப்படையாகச் சொன்னார். யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்பதை முந்தைய நாள் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றின் பதிவு இல்லாமல் இது எப்படிப் புரியும்? இந்தக் காப்பகத்தில் அந்த ஆண்டுக்குப் பந்தயப் பதிவு மட்டும்தான் இருக்கிறது. தகுதிச் சுற்று நடந்த சனிக்கிழமை இல்லை. திறந்ததும் தொடக்கக் கோடு, சில விநாடியில் புழுதி. பின்னணி தெரியாத ஒருவர் இதைப் பார்த்தால் சென்னாவைப் பற்றிப் பாதி உண்மையோடுதான் எழுந்து போவார்.

இன்னொரு பெருங்குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பந்தயத்தைத் திறக்கும் முன்பே முடிவு தெரிந்துவிடுகிறது. பட்டியலில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு சிறு படம். அதில் வென்றவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். கீழே இரண்டு வரிக் குறிப்பு, யார் யாரை இடித்தார் என்பது உட்பட. பழைய பந்தயங்களைப் புதிதாகப் பார்க்க வருகிற இளைஞர்கள் இன்று ஏராளம். அவர்களுக்கு 1994இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டோ 1997இல் ஸ்பெயினின் ஹெரேஸோ முடிவு தெரியாமல் கிடைக்கக்கூடிய விருந்து. அதைப் பரிமாறும் முன்பே எச்சில் செய்துவிடுகிறார்கள். முடிவுகளை மறைக்கும் வசதி ஒன்று அமைப்புகளுக்குள் இருக்கிறது. அது நடப்பு ஆண்டுக்கு மட்டுமே வேலை செய்கிறது.

அடிலெய்டு என்று சொன்னதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஷூமாக்கர் டேமன் ஹில்லைவிட ஒரே புள்ளி முன்னால், கடைசிப் பந்தயம், 36ஆவது சுற்று. எல்லோரும் அறிந்த காட்சி: ஹில் உட்பக்கம் நுழைய, ஷூமாக்கர் திரும்ப, ஹில்லுடைய காரில் மோதிய அவருடைய பெனட்டன் கார் இரு சக்கரத்தில் எழும்பி விழுகிறது. முழுப் பதிவில் அதற்குச் சில நொடிகள் முன்னால் ஷூமாக்கர் அகலமாகப் போய்ச் சுவரில் உரசிவிட்டு மீள்வதைப் பாருங்கள். பிறகு ஹில் எங்கே இருந்தார் என்று பாருங்கள். அவர் அந்த வளைவைத் திரும்பி வரும்போது ஷூமாக்கர் ஓடுபாதைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார். சுவரில் இடித்ததை ஹில் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அடுத்த வளைவில் பாயாமல் ஒரு சுற்று பொறுத்திருப்பார். இடைவெளி தெரிந்தது, பாய்ந்தார். அவருடைய வில்லியம்ஸின் இடது முன்சக்கரத்தைத் தாங்கும் கம்பி வளைந்தது; பட்டம் போனது. இதையெல்லாம் நிறுத்தி, பின்னோக்கி நகர்த்தி, மெதுவாக ஓட்டிப் பார்க்க முடிகிறது. பத்துப் பத்து விநாடியாகத் தாண்டும் பொத்தான்கள் நன்றாக வேலை செய்கின்றன. பதிவு உறைந்து நிற்பதில்லை.

ஹெரேஸ் 1997ஐச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். தகுதிச் சுற்றில் ஜாக் வில்நெவ், ஷூமாக்கர், ஃப்ரென்ட்சன் மூவரும் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகூட மாறாமல் 1:21.072 என்று ஓட்டினார்கள். 48ஆவது சுற்றில் வில்நெவ் உள்ளே பாய, ஷூமாக்கர் அவர் மேல் திரும்பினார். இந்த முறை மணலில் சிக்கியது ஷூமாக்கர். பின்னர் அந்த ஆண்டின் தரவரிசையிலிருந்தே அவர் பெயர் நீக்கப்பட்டது. அவர் அவமானப்பட்டு நின்ற அந்தப் பதிவையும் காப்பகம் ஒளிக்காமல் வைத்திருக்கிறது.

அதே ஷூமாக்கரை வேறு முகத்தோடு பார்க்க 2000ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பாவுக்கு வாருங்கள். இந்தச் சந்தாவில் ஒரே ஒரு பந்தயத்தைத்தான் பார்க்கலாம் என்று யாராவது கட்டளையிட்டால் நான் இதைத்தான் எடுப்பேன். மிக்கா ஹாக்கினெனும் ஷூமாக்கரும் 1990 மக்காவ் ஃபார்முலா 3 பந்தயத்தின் கடைசிச் சுற்றிலேயே இடித்துக்கொண்டவர்கள். பத்து ஆண்டு கழித்து, 1998, 1999 பட்டங்களைக் கையில் வைத்திருந்தவர் ஹாக்கினென். ஃபெராரிக்குப் பட்டம் கொண்டுவரத் தவித்தவர் ஷூமாக்கர்.

ஈரத்தில், ஆபத்தான நேரங்களில் எல்லோரையும் மெதுவாக வழிநடத்தும் சேஃப்டி காரின் பின்னால் தொடங்குகிறது பந்தயம். ஹாக்கினென் முன்னிலை. 13ஆவது சுற்றில் ஸ்டாவ்லோ வளைவில் ஈரத்தில் சக்கரம் பட்டுச் சுழன்றுவிடுகிறார். ஷூமாக்கர் முன்னே போகிறார். பாதை காயக் காய ஆட்டம் மாறுகிறது. ஷூமாக்கரின் கார் மழைக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டது. இறக்கை அதிகம், நேர்பாதையில் வேகம் குறைவு. ஹாக்கினென் சுற்றுக்குச் சுற்று அரித்துக்கொண்டே வருகிறார். ஷூமாக்கர் நேர்பாதையில் ஓடுபாதையின் காய்ந்த கோட்டை விட்டு விலகி, ஈரம் தேங்கிய இடங்களாகத் தேடி ஓட்டுவதைப் பாருங்கள். டயர்களைக் குளிர வைக்கிறார். முன்னிலையில் இருப்பவருக்கு வண்டி ஒத்துழைக்க மறுப்பதை இதைவிடத் தெளிவாகப் படம்பிடிக்க முடியாது.

40ஆவது சுற்று. கெமல் நேர்பாதையின் முடிவில் ஹாக்கினென் உட்பக்கம் மூக்கை நுழைக்கிறார். ஷூமாக்கர் குறுக்கே வருகிறார். மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஹாக்கினெனின் முன் இறக்கை ஷூமாக்கரின் பின்சக்கரத்தை முத்தமிடுகிறது, அவர் பின்வாங்குகிறார். அடுத்த சுற்று, அதே பாதை. முன்னால், சுற்றுக் கணக்கில் பின்தங்கிய சோன்டாவின் பிஏஆர் கார், பாதையின் நடுவே. ஷூமாக்கர் இடப்பக்கமாக அவரைக் கடக்கிறார். அந்தக் கணத்தில் ஹாக்கினென் வலப்பக்கம் போகிறார். மூன்று கார்கள் ஒரே வரிசையில். நடுவில் இருக்கும் சோன்டா அசையாமல் நேராக ஓட்டுகிறார். அவர் அரை அடி விலகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க முடியவில்லை. பிரேக் போடும் இடத்தில் உட்பக்கம் ஹாக்கினெனுடையது. முடிந்தது. வெற்றி இடைவெளி ஒரு விநாடிக்குச் சற்று அதிகம்.

துண்டுப் படம் இங்கே முடிந்துவிடும். முழுப் பதிவில் பந்தயம் முடிந்து கார்கள் நிற்கும் இடம் வரை வருகிறது. ஹாக்கினென் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஷூமாக்கரிடம் போகிறார். குரலை உயர்த்தவில்லை. இரண்டு கைகளையும் கார்கள்போல வைத்து, முந்தைய சுற்றில் நீ எங்கே வந்தாய், நான் எங்கே இருந்தேன் என்று காட்டுகிறார். ஷூமாக்கர் கேட்டுக்கொண்டிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று ஒலிப்பதிவில் இல்லை, வேண்டியதும் இல்லை. கைகளைப் பாருங்கள், போதும். பகை என்பதற்கு இப்படியும் ஒரு வடிவம் உண்டு: உயிரோடு விளையாடாதே என்று சொல்லும் உரிமை உள்ள ஒரே ஆள் எதிரிதான்.

2018க்குப் பிந்தைய பந்தயங்களுக்கு வந்தால் சேவை முற்றிலும் வேறு உயரத்துக்குப் போகிறது. எல்லா ஓட்டுநர்களின் காரிலும் உள்ள கேமராவைத் தனித்தனியே திறக்கலாம். அவரவருடைய அணி ரேடியோ கூடவே வருகிறது. பக்கத்தில் நேர அட்டவணை. பெரிய திரையில் நான்கு சாளரங்களை ஒன்றாக ஓட்டலாம். ஒன்றை நிறுத்தினால் மற்றவையும் நிற்கின்றன. இந்த ஒத்திசைவு சில சமயம் ஓரிரு விநாடி பிசகுகிறது. அப்போது எல்லாவற்றையும் மூடித் திறக்க வேண்டும்.

இந்த வசதி எதற்குப் பயன்படும் என்று கேட்பவர்கள் 2021இல் சவூதி அரேபியாவின் ஜெட்டாவை எடுங்கள். அந்த ஆண்டுப் பட்டத்துக்குப் போட்டியிட்டவர்கள் மெர்சிடிஸின் ஹாமில்டனும் ரெட் புல்லின் வெர்ஸ்டாப்பனும். 37ஆவது சுற்று. ஹாமில்டனின் கேமரா ஒரு சாளரத்தில், வெர்ஸ்டாப்பனின் கேமரா இன்னொன்றில். பாதைக்கு வெளியே போய்த் தக்கவைத்த இடத்தைத் திருப்பிக் கொடு என்று வெர்ஸ்டாப்பனுக்கு அவருடைய அணி சொல்வது ஒரு ரேடியோவில் கேட்கிறது. மற்ற ரேடியோவில் ஹாமில்டனுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. அவர் கண்ணில் படுவது, காரணமில்லாமல் பாதையின் நடுவே வேகம் குறையும் ஒரு கார். அவரும் குறைக்கிறார். நெருங்கிப் பின்னால் வருபவர் பின் இறக்கையைத் திறந்து வேகம் கூட்டிக்கொள்ள அன்று இருந்த ஏற்பாடு டிஆர்எஸ். அடுத்து வரும் டிஆர்எஸ் கோட்டை முதலில் கடப்பவர் பின்னால் வருபவருக்கு அந்த ஆயுதத்தைக் கொடுத்துவிடுவார். ஆகவே இருவருக்கும் முன்னே போக விருப்பமில்லை. பிறகு இடி. ஹாமில்டனின் முன் இறக்கையின் ஓரம் உடைகிறது. அந்த நேரத்தில் வெர்ஸ்டாப்பன் பிரேக்கை அழுத்தியது 2.4 ஜி (புவியீர்ப்பின் 2.4 மடங்கு) அளவுக்கு என்று நடுவர்கள் தம் முடிவில் குறிப்பிட்டு 10 விநாடி தண்டனை கொடுத்தார்கள். அன்று தொலைக்காட்சியில் பார்த்தபோது பித்துப்பிடித்த காட்சியாகத் தெரிந்தது, இரண்டு ரேடியோவையும் ஒருசேரக் கேட்டால் நூல் பிடித்தாற்போல் விளங்குகிறது.

அதற்கு அடுத்த வாரம் அபுதாபி. இருவரும் 369.5 புள்ளிகளோடு சரிசமம். கடைசிச் சுற்றைப் பற்றி உலகமே சண்டையிட்டுவிட்டது: லத்தீஃபியின் விபத்து, சேஃப்டி கார், இருவருக்கும் இடையே நின்ற பின்தங்கிய ஐந்து கார்களை மட்டும் விலகிப் போக விட்டது, ஒரே ஒரு சுற்று மீதம், ஹாமில்டனின் தேய்ந்த டயருக்கு எதிராக வெர்ஸ்டாப்பனின் புத்தம் புதிய மென் டயர், கடைசியில் வெர்ஸ்டாப்பனுக்குப் பட்டம். அந்த முடிவு நியாயமற்றது என்பது என் உறுதியான கருத்து. மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பந்தயத்தின் சிறந்த பகுதி அது இல்லை. 20, 21ஆவது சுற்றுகளுக்குப் போய், செர்ஜியோ பெரஸின் கேமராவைத் திறங்கள். தேய்ந்துபோன டயர்களோடு, வெர்ஸ்டாப்பனின் அணித் தோழர் ஹாமில்டனை மறித்து நிற்கிறார். ஹாமில்டன் முந்துகிறார், அடுத்த வளைவில் பெரஸ் திரும்பப் பிடுங்குகிறார், மறுபடி. நேர அட்டவணையில் வெர்ஸ்டாப்பனின் இடைவெளி விநாடி விநாடியாகக் கரைவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இதைப் பார்க்க வேண்டும். அன்று கரைந்த அந்த விநாடிகள் இல்லையென்றால் ஹாமில்டன் பிறகு பிட்டுக்கு வந்து டயர் மாற்றிக்கொள்ளும் அளவுக்கு முன்னால் இருந்திருக்கலாம். பட்டம் கடைசிச் சுற்றில் மட்டும் கைமாறவில்லை.

ஹாமில்டன்–ராஸ்பெர்க் ஆண்டுகளுக்கு இந்த வசதிகள் பாதிதான் கிடைக்கின்றன, அது வருத்தம். சிறுவயதிலிருந்து கார்ட்டிங்கில் ஒன்றாக ஓடிய இருவர். 2016 பார்சலோனாவில் முதல் சுற்றிலேயே புல்லில் சறுக்கி இரண்டு மெர்சிடிஸ்களும் வெளியே. ராஸ்பெர்க்கின் எஞ்சின் தவறான நிலையில் இருந்ததால் வேகம் கூடாமல் இருந்தது. ஹாமில்டனுக்கு இடைவெளி தெரிந்தது. ராஸ்பெர்க் வலப்பக்கம் சாய்ந்து அதை அடைத்தார். 18 வயது வெர்ஸ்டாப்பன் அன்று தன் முதல் வெற்றியைப் பெற்றார். ஆண்டின் கடைசிப் பந்தயமான அபுதாபியில் ஹாமில்டன் முன்னிலையில் இருந்துகொண்டே வேண்டுமென்று மெதுவாக ஓட்டினார். பின்னால் வரும் ராஸ்பெர்க்கை வெட்டலும் வெர்ஸ்டாப்பனும் பிடிக்கட்டும் என்பது கணக்கு. வேகத்தைக் கூட்டு என்று அணி கேட்டது, அவர் மறுத்தார். ராஸ்பெர்க் இரண்டாவதாக வந்து 385க்கு 380 என்று பட்டத்தை எடுத்தார். சில நாட்களில் ஓய்வும் அறிவித்துவிட்டார். ஹாமில்டனின் அந்த மெதுவோட்டத்தைச் சுற்று நேரங்களோடு பார்க்க முடிந்தால் சதுரங்கம்போல் இருக்கும். இங்கே பொது ஒளிபரப்பு மட்டும்தான். 2007 அலோன்சோ–ஹாமில்டன் ஆண்டும் அப்படியே. ஹங்கேரித் தகுதிச் சுற்றில் அலோன்சோ டயர் மாற்றும் இடமான பிட்டில் நின்று, பின்னால் காத்திருந்த அணித் தோழர் ஹாமில்டனின் நேரத்தைக் கடத்தும் காட்சி இருக்கிறது, அதற்கு நன்றி. இருவரும் 109 புள்ளி, ரைக்கோனென் 110, பட்டம் அவருக்கு என்று அந்த ஆண்டு முடிந்தது.

பழைய காலத்துக்குப் போகப் போகக் காப்பகம் மெலிகிறது. 1976இன் ஹன்ட்–லௌடா ஆண்டுக்கு முழுப் பந்தயம் ஒன்றும் இல்லை; ஆண்டுத் தொகுப்புப் படம் மட்டும். நியூர்பர்க்ரிங்கில் ஆகஸ்ட் 1 அன்று தீயில் சிக்கிய லௌடா, ஆறு வாரம் கழித்து மோன்சாவில் நான்காவதாக வந்தார். ஃபுஜியின் மழையில் இரண்டு சுற்றோடு காரை நிறுத்திவிட்டு இறங்கினார். ஹன்ட் மூன்றாவதாக வந்து ஒரே புள்ளியில் பட்டம் பெற்றார். இளமையில் நண்பர்களாக இருந்தவர்கள், பட்டத்துக்குப் பிறகும் நண்பர்களாகவே இருந்தவர்கள். தொகுப்புப் படத்தில் இது சில நிமிடங்களில் ஓடி மறைகிறது. பதிவுகள் அரிதான காலத்துக்குச் சேவையைக் குறை சொல்ல மாட்டேன்.

1982 இமோலா விஷயத்தில் குறை சொல்வேன். பல அணிகள் புறக்கணித்ததால் 14 கார்களே ஓடிய பந்தயம். ரெனோக்கள் விலகியபின் இரண்டு ஃபெராரிகள் முன்னால். மெதுவாகப் போங்கள் என்று பிட்டிலிருந்து பலகை காட்டப்பட்டது. ஜாக்கின் தந்தையான ஜில் வில்நெவ் அதை இருக்கும் வரிசையிலேயே முடிக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். அவருடைய அணித் தோழர் டிடியே பிரோனி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கடைசிச் சுற்றில் முந்தி வென்றார். மேடையில் வில்நெவின் முகத்தைப் பாருங்கள். இரண்டு வாரத்தில், மே 8 அன்று, சோல்டரின் தகுதிச் சுற்றில் வில்நெவ் இறந்தார். அன்று அவரைவிடப் பிரோனியின் நேரம் குறைவாக இருந்தது. அதே ஆண்டு ஹோக்கன்ஹைமில் கால்கள் நொறுங்கிய பிரோனி மறுபடி ஃபார்முலா 1 ஓட்டவே இல்லை.

இமோலாவில் யார் சொன்னது சரி என்பதற்கு ஆதாரம் சுற்று நேரங்களில் இருக்கிறது. வில்நெவ் முன்னால் இருந்தபோது வேகம் தணிந்தது, பிரோனி முன்னால் போனபோது கூடியது. வில்நெவே அதைத்தான் சுட்டிக்காட்டினார். அந்த நேரங்கள் தாளில் பதிவானவை. 2018க்குப் பிறகு பக்கத்துச் சாளரத்தில் அட்டவணை காட்டத் தெரிந்த சேவைக்கு, 1982இன் அட்டவணையையும் தட்டச்சு செய்து அதே சாளரத்தில் ஓட்டுவது முடியாத காரியமா? ஒளிப்பதிவு தேவையில்லை, எண்கள் போதும். அதைச் செய்தால் இந்தக் காப்பகம் வெறும் பழைய படக் கிடங்காக இருக்காது.

யாருக்கு இந்தச் சந்தா? ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்களுக்கு வேண்டாம். அவர்களுக்கு அதைவிட மலிவான வழிகள் இருக்கும். ஒரு பந்தயத்துக்கு இரண்டு மணி நேரத்தை ஒதுக்கி உட்காரக்கூடியவர்கள் தயங்காமல் சேரலாம். கைபேசியில் பார்க்காதீர்கள், பழைய பதிவுகளில் தூரத்துக் கார் ஒரு புள்ளியாகிவிடும். வர்ணனை ஒலியை மட்டும் அணைத்துவிட்டு எஞ்சின் ஒலியைக் கேட்கும் தேர்வு புதிய பந்தயங்களில் உண்டு, பழையவற்றில் இல்லை. தேடல் பெட்டி ஓட்டுநர் பெயரை எழுதினால் தடுமாறுகிறது. ஆண்டையும் ஊரையும் எழுதுங்கள்.

ப்ரோஸ்ட்–சென்னா கதையைப் பார்க்கிறவர்கள் 1993 அடிலெய்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ப்ரோஸ்டின் கடைசிப் பந்தயம், சென்னாவின் கடைசி வெற்றி. மேடையில் சென்னா கையை நீட்டி ப்ரோஸ்டைத் தன் படிக்கு இழுத்துக்கொள்கிறார். நல்லவேளையாக அதையும் முழுதாக வைத்திருக்கிறார்கள், பட்டியலில் அதற்கு ஒரு விளம்பரமும் இல்லாமல்.

நான் சந்தாவைப் புதுப்பிக்கிறேன். 1990 சுசூகாவின் தகுதிச் சுற்றையும் 1982 இமோலாவின் சுற்று நேரங்களையும் சேர்க்கும்படி வாடிக்கையாளர் சேவைக்கு எழுதியிருக்கிறேன். இதே ஆசை உள்ளவர்கள் நீங்களும் எழுதுங்கள். கேட்கும் குரல்கள் கூடினால்தான் நடக்கும்.